நூத்துக்கு எத்தனை வட்டி?



பதிவு கொஞ்சம் நீளம். "மணி அடிச்சும் சார் வகுப்பை விடமாட்டேங்கிறார்" என்று வழக்கம்போல் சொல்பவர்கள் ஒரு டீ போட்டு எடுத்துவந்து உட்கார்ந்து படியுங்கள். கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

போன மாதம் ஒரு நாள் காலை ஆறே முக்கால் மணிக்கு என் வாட்ஸப்புக்கு ஒரு படம் வந்தது. தெரியாத எண். திறந்து பார்த்தால் என் பழைய மாணவன் ஒருவனுடைய ஆதார் அட்டைப் படம். அதன் மேல் சிவப்பு எழுத்தில் "திருடன்" என்று போட்டிருந்தது. கீழே இந்தியில் ஏதோ நாலு வரி. அதற்கும் கீழே தப்பும் தவறுமான தமிழில், "இவன் உங்கள் பெயரை ஜாமீனாகக் கொடுத்துள்ளான், பணத்தை நீங்கள் கட்டவும்" என்று இருந்தது.

நான் யாருக்கும் ஜாமீன் போடவில்லை. அவனும் என் பெயரைக் கொடுக்கவில்லை. அவன் போனில் என் எண் இருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு செப்டம்பர் 5-ஆம் தேதியும் தவறாமல் வாழ்த்துச் சொல்லுகிற பையன். அதற்குத்தான் என் எண்ணை வைத்திருந்தான்.

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று நாள் எடுக்கவில்லை. நாலாவது நாள் சாயங்காலம் தானே வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலில் விட்டவன் உள்ளே வராமல் திண்ணையிலேயே நின்றான். "சார், உங்களுக்கும் வந்துருச்சா சார்?" இது ஒன்றுதான் கேட்டான். நாற்பது வயசு தாண்டியவன், கல்யாண வயசில் பெண் வைத்திருப்பவன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நின்ற அதே முகம்.

அவனுடைய அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றான். கண்டுபிடித்தவர்கள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வண்டி கிளட்ச் போய் நின்றுவிட்டது. கையில் காசில்லை. தெரிந்தவர்களிடம் ஏற்கெனவே வாங்கியிருக்கிறான், மறுபடி கேட்கக் கூச்சம். போனில் வந்த ஒரு எஸ்எம்எஸ் இணைப்பைத் தட்டியிருக்கிறான். ஆதார், பான், ஒரு செல்பி. "அனுமதி கொடு, அனுமதி கொடு" என்று கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தியிருக்கிறான். ஐந்து நிமிடத்தில் பணம் வந்துவிட்டது. 5,000 ரூபாய்க் கடன், "செலவு" பிடித்தது போகக் கையில் 3,200. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும்.

ஆறாம் நாளே மிரட்டல் ஆரம்பித்தது. முதல் ஆப்புக்குக் கட்ட இரண்டாவது ஆப், அதற்குக் கட்ட மூன்றாவது. நாற்பது நாளில் ஐந்து ஆப். உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். மொத்தமாக அவன் கைக்கு வந்தது 21,000 ரூபாய். திருப்பிக் கட்டியது 34,000. இன்னும் 18,000 பாக்கி என்கிறார்கள். அந்தப் படம் எனக்கு மட்டும் வரவில்லை. அவனுக்கு தினமும் லோடு கொடுக்கிற சிமெண்ட் கடைக்காரருக்கு, மச்சானுக்கு, மகளின் டியூஷன் டீச்சருக்கு என்று எல்லோருக்கும் போயிருக்கிறது. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனால் லோடு வேறு ஆளுக்குப் போகிறது.

"ஏலே, நான் உனக்கு வட்டிக் கணக்கு நடத்தினேனே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. "நடத்துனீங்க சார். தனிவட்டி சமம் அசல் இன்ட்டு ஆண்டு இன்ட்டு வட்டிவீதம் பை நூறு. அதுல ஏழு நாளு வராதே சார்" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது சரி. முப்பத்து நாலு வருஷம் நான் நடத்திய கணக்கில் எல்லாம், "ராமு ஒரு வங்கியில் 2,000 ரூபாயை ஆண்டுக்கு 8 சதவீதத்தில் 3 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினான்" என்றுதான் இருக்கும். என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் வீட்டில் ஒருவருக்கும் அப்படி ஒரு கடன் கிடைத்ததில்லை. அவர்கள் வீட்டில் இருந்தது தண்டல், வாரவட்டி, குழுக்கடன், அடகு. அதை நான் ஒரு நாளும் கரும்பலகையில் எழுதியதில்லை.

இன்று எழுதுகிறேன். நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற அளவுகோல் "நூத்துக்கு எத்தனை". ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். பத்து வட்டி என்றால் வருஷத்துக்கு 120 சதவீதம். இதே அளவுகோலை மற்றக் கடன்களுக்கும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் தண்டல். பத்தாயிரம் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐநூறுதானே" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500-ம் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போகத் தொடங்குகிறது. சராசரியாகப் பார்த்தால் உங்களிடம் இருந்தது அதில் பாதிதான். சரியாகக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 120 சதவீதம். அதாவது பத்து வட்டி. வாயால் "பத்து வட்டி" என்று சொன்னால் யோசிப்பவர்கள், "தினம் நூறு" என்றால் யோசிப்பதில்லை.

இரண்டாவது, குழுக்கடன். 40,000 ரூபாய், இரண்டு வருஷம், "வெறும் 12 சதவீதம்தான் அக்கா" என்று யாராவது சொன்னால், அது பிளாட் வட்டியா என்று கேளுங்கள். பிளாட் என்றால் முழு 40,000-க்கும் இரண்டு வருஷ வட்டி 9,600. மொத்தம் 49,600. மாதம் சுமார் 2,067 ரூபாய். நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் குறையவில்லை. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அது 21.6 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டு வட்டி. பன்னிரண்டு என்று சொல்லி இருபத்தொன்றரை வாங்குவது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மையும் இல்லை.

மூன்றாவது, என் மாணவன் வாங்கிய ஆப் கடன். 3,200-க்கு ஏழு நாளில் 1,800 வட்டி. வாரத்துக்கு 56 சதவீதம். வருஷத்துக்குப் பெருக்கினால் 2,900 சதவீதத்தைத் தாண்டுகிறது. நூத்துக்கு மாதம் 240 ரூபாய்க்கு மேல். மீட்டர் வட்டிக்காரர்கூட இவ்வளவு கேட்கக் கூச்சப்படுவார்.

"அரசாங்கம் என்ன செய்கிறது?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நானும் அந்தக் கோபத்தில்தான் தேடிப் பார்த்தேன். சட்டத்துக்குப் பஞ்சமில்லை என்று தெரிந்தது.

வட்டித் தொழில் செய்பவர் உரிமம் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நம் மாநிலத்தில் 1957-லிருந்து இருக்கிறது. 2003-இல் ஒரு பிரபல திரைப்படத் தயாரிப்பாளரின் மரணத்துக்குப் பிறகு கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்த சட்டம் அது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வாங்கிய கடனை நீதிமன்றத்தில் கட்டித் தீர்த்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தச் சட்டம் வந்து பதினாலு வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், நம் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் தீயில் கருகினார்கள். கந்துவட்டித் தொல்லை என்று பலமுறை மனு கொடுத்துவிட்டு வந்தவர்கள் என்று செய்தி வந்தது. அந்தப் படத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. சட்டம் இருந்தது, மனு இருந்தது, அலுவலகமும் எதிரிலேயே இருந்தது. 2022-இல் காவல்துறை "ஆபரேஷன் கந்துவட்டி" என்று தனி நடவடிக்கையே எடுத்தது. 2025-இல் நம் சட்டமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. கடன் கொடுத்த நிறுவனம், வாங்கியவரையோ குடும்பத்தாரையோ மிரட்டுவது, பின்தொடர்வது, வெளியாட்களை ஏவி வசூலிப்பது, பொருளைப் பறிப்பது எல்லாம் அதன்படி குற்றம். சிறைத் தண்டனையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு.

ரிசர்வ் வங்கியும் சும்மா இருக்கவில்லை. குழுக்கடன் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் முதல் ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்குமாகச் சேர்த்து மாதம் கட்டுகிற தொகை, அந்தக் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு நெருக்கக் கூடாது. கடன் விவரம் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தரப்பட வேண்டும். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது. அதே வருஷம் செப்டம்பரில் ஆப் கடன்களுக்கும் விதி வந்தது. ஆப் உங்கள் தொடர்பு எண்களையோ போட்டோக்களையோ தொடவே கூடாது. செலவு எல்லாம் சேர்த்து வருஷ வட்டி எத்தனை சதவீதம் என்று கடன் தருவதற்கு முன்பே காட்ட வேண்டும். வேண்டாம் என்று மனம் மாறினால், குறிப்பிட்ட நாளுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியே வந்துவிடலாம்.

எவ்வளவு நல்ல விதிகள்! ஆனால் இவையெல்லாம் ரிசர்வ் வங்கியிடம் பதிவு செய்து ஒழுங்காக நடப்பவர்களுக்கு. ரிசர்வ் வங்கியின் குழு ஒன்று 2021-இல் தேடியபோது, நம் நாட்டு ஆண்ட்ராய்டு போன்களுக்கு என்று கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்று கண்டது. என் மாணவன் மாட்டியது அந்த ரகத்தில்தான்.

பதிவு செய்த நிறுவனங்களிலும் விதி ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற அக்கா ஒருவர் வீட்டில் வாராவாரம் குழுக் கூட்டம் நடக்கும். பத்துப் பெண்கள். ஒருத்தி பணம் கொண்டுவரவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்திருக்க முடியாது. ராத்திரி எட்டரை மணிக்கு நான் நடைபயிற்சி முடிந்து வரும்போதும் உட்கார்ந்திருப்பார்கள். வசூலுக்கு வந்த தம்பி சத்தமே போடமாட்டான், மிரட்டமாட்டான். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வராதவளைத் திட்டுகிற வேலையை மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள். ஆறு மணி விதியை மீறியதாக யார் புகார் கொடுப்பது? கொடுத்தால் அடுத்த கடன் யாருக்கும் கிடைக்காது.

இதைச் சொல்லி என் அக்கா மகனிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவன் ஒரு தனியார் பைனான்ஸ் கம்பெனியில் கிளை மேலாளர். இந்தப் பதிவையும் படிப்பான், படிக்கட்டும். அவன் சொன்னதையும் அப்படியே எழுதிவிடுகிறேன், அதுதான் நியாயம்.

"மாமா, பேங்க் வாசல்ல நிக்க விடாத ஆளுக்கு நாங்க வீடு தேடிப் போயி கொடுக்கோம். அடமானம் கிடையாது. நாப்பதாயிரத்தை வாரவாரம் ஆள் அனுப்பி வசூல் பண்ண எவ்வளவு செலவாகும் தெரியுமா? வட்டியைக் குறைங்கன்னு சட்டம் போட்டா நாங்க கொடுக்க மாட்டோம். அப்ப அந்த அக்கா எங்க போவாங்க? தண்டல்காரன்கிட்டதான் போவாங்க."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆந்திராவில் அப்படித்தான் நடந்தது. 2010-இல் குழுக்கடன் நெருக்கடியில் பலர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வர, அக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. மொத்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது, வாரத் தவணை கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு. மிரட்டல் அடங்கியது. கூடவே ஜனங்கள் கடன் கட்டுவதும் நின்றது, நிறுவனங்கள் அங்கே கடன் தருவதும் நின்றது. அதற்குப் பிறகுதான் 2011-இல் ரிசர்வ் வங்கி நாடு முழுவதுக்கும் 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு அதை ஒரு சூத்திரமாக மாற்றி, 2022-இல் உச்சவரம்பையே எடுத்துவிட்டது. வட்டியை நிறுவனங்களே தீர்மானிக்கலாம், அநியாயமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எது அநியாயம் என்பதற்கு எண் கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

ஆனாலும் மருமகனிடம் நான் ஒன்று சொன்னேன். அதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். வீட்டாரில்கூட பலருக்கு இது தெரியாது.

1983-இல் அம்மாவுக்கு ஆபரேஷன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். 500 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கினேன். அப்போதெல்லாம் சம்பளத் தேதியில் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு வட்டிக்காரர் நிற்பார். எங்களில் நாலைந்து பேர் அவருக்குக் கட்ட வேண்டும். மாணவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று, கடைசி மணி அடித்தும் நான் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்திருப்பேன். அவரும் போகமாட்டார். மாதம் 50 ரூபாய் வீதம் பதினொரு மாதம் கட்டினேன். மொத்தம் 550. அசல் 500 அப்படியே நின்றது. கணக்கு வாத்தியார்தான். கணக்குத் தெரியாமலா கட்டினேன்? தெரிந்துதான் கட்டினேன். வேறு வழி இல்லாததால் கட்டினேன்.

என்னைக் காப்பாற்றியது எந்தச் சட்டமும் இல்லை. வட்டார ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். மூத்த ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உறுப்பினராக்கினார். கடன் கொடுத்தார்கள். சம்பளத்திலேயே தவணை பிடித்தார்கள். ஒரே நாளில் வட்டிக்காரரின் கணக்கை முடித்தேன். இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு அவர் வருவதே நின்றுவிட்டது. யாரும் அவரை விரட்டவில்லை. அவரிடம் போக யாருக்கும் தேவை இருக்கவில்லை.

எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, அதனால் அந்தக் கதவு திறந்தது. பீடி சுற்றுகிற அக்காவுக்கும் லோடு ஆட்டோ ஓட்டுகிற என் மாணவனுக்கும் திறந்த கதவு எது? அந்த அக்காவோடு ஒரு முறை வங்கிக்குப் போனேன். பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு மூன்று வாரம், நாலு நடை. ஆளுக்கொரு காகிதம் கேட்டார்கள். ஒரு நடைக்கு அவருக்கு ஒரு நாள் பீடிக் கூலி போயிற்று. ஆப் ஐந்து நிமிடத்தில் தருகிறது. தண்டல்காரர் தெருமுனையிலேயே இருக்கிறார். அவசரம் என்பது மருத்துவமனை வாசலில், பள்ளிக்கூடக் கட்டண நாளில், வண்டி நின்ற இடத்தில் வருகிறது. அது மூன்று வாரம் காத்திருக்காது.

அதனால் என் அபிப்பிராயம் இது. கடன் கொடுப்பவரைக் கட்டுப்படுத்துகிற சட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் அரசாங்கம் ஒரு கையால் கதவை மூடும்போது இன்னொரு கையால் வேறு கதவைத் திறக்க வேண்டும். ஒரு கை மட்டும் வேலை செய்தால் ஜனங்கள் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து இன்னும் மோசமான இடத்துக்குப் போவார்கள்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. கொரோனா காலத்தில், 2020-இல், தெருவோர வியாபாரிகளுக்கு என்று பிரதமர் ஸ்வநிதி திட்டம் வந்தது. அப்போது அடமானம் இல்லாமல் முதலில் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, பிறகு 50,000 என்று இருந்தது. வட்டியில் 7 சதவீதம் மானியம். இதே மாதிரி பீடித் தொழிலாளிக்கு, ஓட்டுநருக்கு, வீட்டு வேலை செய்பவருக்கு நலவாரிய அட்டையை வைத்தே ஒரு சிறு அவசரக் கடன் ஏன் தரக் கூடாது? ஊர் ஊருக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நகையை வைத்தால் அன்றைக்கே பணம் தருகிறார்கள். நகை இல்லாதவருக்கு ஒரு ஐயாயிரம், பத்தாயிரம் அன்றைக்கே தர ஒரு வழி செய்யட்டும். ஆளுக்கு ஒரு வருஷத்தில் இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கட்டும்.

இரண்டாவது, எந்தக் கடனாக இருந்தாலும் "நூத்துக்கு மாதம் எத்தனை ரூபாய்" என்று தமிழில், பெரிய எழுத்தில், கையெழுத்து வாங்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். வருஷ சதவீதத்தைத் தாளில் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. பத்துப் பக்கத்துக்குள் புதைந்த சதவீதத்தை யார் படிப்பார்கள்?

மூன்றாவது, புகார் கொடுப்பவர் தனியாக நிற்கக் கூடாது. கடன் வாங்கியவர் முதலில் இழப்பது தைரியத்தை. அவரே காவல் நிலையம் ஏற வேண்டும், அவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்றால் அந்தச் சட்டம் புத்தகத்தில்தான் இருக்கும். தாலுகா அளவில் ஒருவர், வாங்கியவர் பெயரை வெளியே விடாமல் விசாரித்து, ஆறு மணிக்கு மேல் குழுக் கூட்டம் நடக்கிறதா என்று தெருவில் நடந்து பார்க்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வந்தால் நானே கூட்டிப் போகிறேன்.

நாலாவது, பாடப்புத்தகம். ராமுவின் வங்கிக் கடன் இருக்கட்டும். தண்டலையும் பிளாட் வட்டியையும் ஏழு நாள் கடனையும் பிள்ளைகள் வகுப்பிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இப்போது பணியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்கள் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே நடத்தலாம்.

இனி, உங்களுக்கு. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில், வாட்ஸப்பில் வந்த இணைப்பைத் தட்டிக் கடன் வாங்காதீர்கள். ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் என்ன என்று பாருங்கள். பெயர் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் கடன் ஆப்களின் பட்டியல் இருக்கிறது. அது நிறுவனங்கள் தாமே கொடுத்த விவரம் என்றாலும், அதில் இல்லாத ஆப்பைத் தொடாதீர்கள். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிற கடன் ஆப், கேட்ட அந்த நிமிடமே விதியை மீறிவிட்டது.

மிரட்டல் வந்தால் அழிக்காதீர்கள். படம் பிடித்து வையுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், செலவு கிடையாது. ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் வாங்காதீர்கள். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன" என்று நினைக்கிற இடத்தில்தான் 5,000 ரூபாய் 34,000 ஆகிறது.

இன்னொன்று. தெரிந்தவர் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு படம் உங்கள் போனுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவருக்கு ஒரு போன் போட்டு, "எனக்கு வந்தது, நான் நம்பவில்லை, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஆப்காரனுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் நம் மௌனம்தான்.

என் மாணவன் விஷயம் முழுதாக முடியவில்லை. வக்கீலாக இருக்கும் அவன் வகுப்புத் தோழன் ஒருவன் கூடவே வந்து சைபர் பிரிவில் புகார் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த ஐந்து ஆப்புக்கும் அவன் ஒரு பைசா கட்டவில்லை. வேறு வேறு எண்ணிலிருந்து இன்னும் அழைப்பு வருகிறது. முன்பைவிடக் குறைவு. சிமெண்ட் கடைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். "நான் ஒண்ணும் நினைக்கல சார், அவன்தான் முகத்தைப் பார்க்க மாட்டேங்கான்" என்றார். திங்கட்கிழமையிலிருந்து லோடு ஏற்றுகிறான்.

உங்களில் வங்கியில், கூட்டுறவுத் துறையில், காவல்துறையில், நீதிமன்றத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர். நான் எழுதியதில் தவறு இருந்தால் கருத்தில் திருத்துங்கள், வெட்கப்படமாட்டேன். ஏழைக்கு அன்றைக்கே கிடைக்கிற நியாயமான சிறு கடன் உங்கள் பகுதியில் எங்காவது இருந்தால் அதையும் எழுதுங்கள், பத்துப் பேருக்குப் பயன்படும்.

கடனில் மாட்டியிருப்பவர்கள் கருத்தில் எழுத வேண்டாம். என் எண் உங்களிடம் இருக்கிறது. கூப்பிடுங்கள். என்னிடம் பணம் அதிகம் இல்லை, பென்ஷன்தான். ஆனால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து உங்களோடு உட்கார்ந்து கணக்குப் போட நேரம் நிறைய இருக்கிறது. திண்ணையில் நிற்காமல் உள்ளே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்